ஏலக்கா ஊர்ல வாசனை தெரியாதவன்

எனக்கு வாசனை தெரியாது. நல்லது கெட்டது ரெண்டுமே தெரியாது. சளி அடைச்சு இல்ல, கொரோனாவுல போனதும் இல்ல, சின்ன வயசுல மண்டைல அடிபட்டு போனது. இத யார்கிட்ட சொன்னாலும் ரெண்டு கேள்வி கண்டிப்பா வரும். "அப்ப சாப்பாட்டு ருசி?" ங்கிறது ஒண்ணு. இன்னொண்ணு ஒரு சிரிப்போட வரும், "பஸ் ஸ்டாண்டு கக்கூஸுக்கு போனா உனக்கு கவலையே இல்ல, குடுத்து வச்சவன்டா". கேட்டு கேட்டு சலிச்சு போய் இப்பல்லாம் அந்த ஜோக்க நானே முந்திக்கிட்டு சொல்லிடுறேன். ஆனா "இதனால உங்க மனசு எப்பிடி இருக்கு?"ன்னு இதுவரைக்கும் ஒரே ஒருத்தங்க தான் கேட்டிருக்காங்க, மனநல கவுன்சிலிங் குடுக்குற ஒரு மேடம், அவங்களும் காசு வாங்கிட்டு தான் கேட்டாங்க. அன்னைக்கு எனக்கு பதில் சொல்ல வரல. இப்ப எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

சொந்த ஊரு போடி. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர். மலைக்கு மேல இடுக்கி பக்கம் விளையிற ஏலக்கா எக்கச்சக்கமா எங்க ஊருக்கு இறங்கி வந்து தரம் பிரிஞ்சு தான் மத்த இடத்துக்கு போகும். ஸ்பைசஸ் போர்டு ஈ-ஏலம் நடக்குற ஊர்ல எங்க ஊரும் ஒண்ணு, இன்னொண்ணு மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி. அப்பா ஒரு ஏலக்கா கடையில எடையும் பார்ப்பாரு கணக்கும் எழுதுவாரு. குடோன்ல பொம்பளைங்க தரையில உக்காந்து காய கொட்டி பொறுக்கிட்டு இருப்பாங்க, வெடிச்சது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், அப்புறம் சலிச்சு 8 எம்எம் 7 எம்எம்னு பிரிப்பாங்க, பேச்சும் சிரிப்பும் ரேடியோவும் ஒண்ணா ஓடும். பஸ்ஸு ஊருக்குள்ள நுழையிறப்பவே ஏலக்கா வாசம் மூக்குல ஏறும்னு வெளியூர்க்காரங்க சொல்வாங்க. நான் அத சொல்லக் கேட்டதோட சரி.

அடிபட்டது அந்த குடோன்ல தான். ரெண்டாப்பு படிக்கிறேன். லீவு விட்டா மூட்டை அடுக்கு மேல ஏறி குதிக்கிறது தான் எங்களுக்கு வேலை. மேல இருந்து கால் சறுக்கி மல்லாக்க விழுந்தேன், பின்மண்டை நேரா சிமெண்டு தரையில. விழுந்தது எனக்கு ஞாபகம் இல்ல. மதுரைக்கு போற வழியில கார்ல வாந்தி எடுத்ததும், அம்மா சேலை முந்தானையில தொடச்சு விட்டதும் அரைகுறையா இருக்கு. ஸ்கேன் எடுத்தாங்க, எலும்புல சின்னதா ஒரு கீறல், உள்ள கொஞ்சம் வீக்கம், ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. டார்ச் அடிச்சு கண்ண பார்த்தாங்க, விரல எண்ணச் சொன்னாங்க, நேரா நடக்கச் சொன்னாங்க, காதுக்கு கூட ஏதோ மெஷின் வச்சாங்க. மூக்குகிட்ட மட்டும் யாரும் ஒண்ணும் கொண்டு வரல. வீட்டுக்கு வந்ததும் குலசாமிக்கு கடா வெட்டி எனக்கு மொட்டை போட்டாங்க, புள்ள முழுசா திரும்பி வந்துட்டான்னு.

பின்னாடி அடிபட்டா முன்னாடி இருக்குற மூக்குக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கலாம். நானும் கேட்டேன், ரொம்ப வருஷம் கழிச்சு, ஒரு ஈஎன்டி டாக்டர்கிட்ட. அவரு சீட்டு பின்னாடி படம் வரைஞ்சு காட்டுனாரு. மூக்கோட கூரையில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா மெல்லிசா ஒரு எலும்பு இருக்கு. வாசனைய மூளைக்கு எடுத்துட்டு போற நரம்பு அந்த ஓட்டை வழியா நூல் நூலா மேல ஏறுது, பக்கத்துக்கு ஒரு 20 நூல் போல. மண்டை ஒரு இடத்துல மோதி சட்டுனு நிக்கிறப்ப உள்ள இருக்குற மூளை நிக்காது, முன்னையும் பின்னையும் குலுங்கும், அந்த குலுக்கல்ல நூலெல்லாம் எலும்புகிட்ட அறுந்துடும். நெத்தில வாங்குற அடிய விட பின்மண்டைல வாங்குற அடிக்கு தான் வாசனை மொத்தமா போற வாய்ப்பு ஜாஸ்தியாம். இதுல பாருங்க, மூக்குல இருக்குற அந்த செல்லுங்க உடம்புலயே ரொம்ப அபூர்வமான, செத்து செத்து புதுசா முளைக்கிற நரம்பு செல்லுங்க. முளைச்சும் பிரயோஜனம் இல்ல, அறுந்த இடத்துல தழும்பு கட்டிருச்சுன்னா ஓட்டை அடைஞ்சு போச்சு, மேல ஏற வழி கிடையாது. திரும்புறதா இருந்தா பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குள்ள திரும்பிடும்னாரு. நான் அவர்கிட்ட போனப்ப எனக்கு மீசை முளைச்சு வேலைக்கும் சேர்ந்தாச்சு.

வாசனை போனது ஒரு புள்ளைக்கு தெரியாமயா இருக்கும்னு என் பொண்டாட்டியே கேட்டிருக்கா. தெரியாது. கண்ணு போனா இருட்டு இருக்கும், காது போனா எதிர்ல வாய் அசையிறது தெரியும், இதுல காட்டிக் குடுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதுவும் எங்க ஊரு என்னைய நல்லாவே ஏமாத்திருச்சு. ஏலக்காய நசுக்கி மூக்குகிட்ட கொண்டு வந்தா எனக்கு ஏதோ ஒண்ணு தெரியும், உள்ள குளுகுளுன்னு ஏறும். ஏலக்காய்ல சினியோல்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, யூகலிப்டஸ் தைலத்துலயும் அதேதான். அது வாசனை நரம்ப மட்டும் தட்டாது, மூஞ்சிக்கு தொடு உணர்ச்சி குடுக்குற அஞ்சாவது நரம்பையும் சேர்த்து தட்டும். விக்ஸ், கற்பூரம், மிளகா வறுக்குற நெடி, வெங்காயத்தோட எரிச்சல் எல்லாத்துலயும் அந்த நரம்புக்கு பங்கு இருக்கு, அது எனக்கு சேதாரம் இல்லாம அப்பிடியே இருந்துச்சு. அப்பா வியாபாரிங்களுக்கு காட்ட ஒரு காய உரிச்சு உள்ளங்கையில வச்சு நசுக்குவாரு, அவங்களுக்கு நீட்டிட்டு எனக்கும் நீட்டுவாரு, "எப்பிடிடா?"ம்பாரு, நான் நல்லா இழுத்துட்டு "சூப்பர்ப்பா"ம்பேன். பொய் இல்ல அது. அந்த குளுமைய தான் ஊரே வாசனைன்னு சொல்லுதுன்னு நினைச்சிருந்தேன்.

மத்ததெல்லாம் மூஞ்சிய பார்த்து கத்துக்கிட்டது. ஒரு தடவ கிளாஸ்ல பீரோவுக்கு பின்னாடி எலி செத்து கிடந்துச்சு, கடைசி பெஞ்சுல ஒருத்தன் மூக்க பொத்துனான், அடுத்தவன் பொத்துனான், அப்பிடியே வரிசையா வருது, என் கையும் போச்சு. ஆனா எப்பவும் எல்லாருக்கும் பின்னாடி தான் போகும். ஊதுவத்தி ஏத்துனா கண்ண மூடி இழுக்கணும், குப்பை வண்டி போனா மூஞ்சிய சுழிக்கணும், பூக்கார அக்கா கூடைய இறக்குனா "ஆஹா"ன்னு சொல்லணும். இதெல்லாம் எல்லாரும் இப்பிடி பார்த்து பார்த்து தான் பண்றாங்கன்னு நினைச்சேன், சாமி கும்புடுறப்ப கன்னத்துல போட்டுக்கிறோம்ல, அது மாதிரி ஒரு பழக்கம்னு.

அம்மா மட்டும் ஒண்ண கண்டுபிடிச்சாங்க, "அடிபட்டதுல இருந்து இவன் சோறு திங்கிறது சரியில்ல"ன்னு. மந்திரிச்சு கயிறு கட்டுனாங்க, பூச்சி மருந்து குடுத்தாங்க. நாக்கு சரியாத்தான் இருக்கு, உப்பு புளிப்பு இனிப்பு கசப்பு எல்லாம் பளிச்சுன்னு தெரியும், காரம் மத்தவங்கள விட ஜாஸ்தியாவே புடிக்கும். ஆனா ரசத்துக்கும் சாம்பாருக்கும் எனக்கு கெட்டித்தனம் தான் வித்தியாசம். மட்டனும் காளானும் பல்லுல தான் வேற வேற. கருவேப்பில ஒரு காகிதம். அதனால மொறுமொறுன்னு இருக்குறது, சுள்ளுன்னு இருக்குறது இது ரெண்டு தான் ருசி, அப்பளம், மோர் மிளகா, உப்பு மிளகாத்தூள் போட்ட மாங்கா. சொந்தக்காரங்க வீட்டுல "இதுக்கு நாக்கு செத்து போச்சு"ன்னு சொல்லி சிரிப்பாங்க. விருந்துல எல்லாரும் ஒரு வாய் வச்சதும் ஒருத்தர ஒருத்தர் பார்த்து தலைய ஆட்டுவாங்க பாருங்க, அந்த இடத்துல நான் எப்பவும் வெளிய நிக்கிறவன்.

வெளிச்சத்துக்கு வந்தது கோயம்புத்தூர்ல வேலைக்கு சேர்ந்தப்புறம். ரூம்ல நான் லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், ரூம்மேட் கதவ தொறந்தவன் அலறிக்கிட்டு ஓடிப் போய் ரெகுலேட்டர திருப்பி ஜன்னலெல்லாம் தொறந்து விடுறான். சிலிண்டர் ட்யூப்புல வெடிப்பு. எல்பிஜிக்கு சொந்தமா வாசனை கிடையாது, கசிஞ்சா ஜனங்களுக்கு தெரியட்டும்னே எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்தம் புடிச்ச கெமிக்கல கலந்து விடுறாங்க, நாட்டுக்கே பண்ணி வச்ச அந்த ஏற்பாடு என்கிட்ட மட்டும் செல்லாது. "மூக்கு இருக்காடா உனக்கு?"ன்னான் கோவத்துல. அன்னைக்கு ராத்திரி ரூம்ல இருந்த காபித்தூள், சோப்பு, பெருங்காயம், அவனோட சாக்ஸ் உள்பட ஒவ்வொண்ணா மூக்குகிட்ட வச்சு பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. விக்ஸ் டப்பா மட்டும் குளுந்துச்சு.

ஈஎன்டில கண்ண மூட சொல்லி ஒவ்வொரு பாட்டிலா காட்டுனாங்க, எல்லாத்துக்கும் தெரியல தெரியலன்னேன். கடைசியா எதையோ காட்டுனாங்க, சுரீர்னு ஏறி தலைய பின்னாடி இழுத்துட்டேன். டாக்டர் சிரிச்சாரு. அது அம்மோனியா, அஞ்சாவது நரம்பு பார்த்துக்கும், ஆக்சிடென்ட் கேஸுல நஷ்ட ஈட்டுக்காக வாசனை போச்சுன்னு நடிக்கிறவங்க இதையும் தெரியலம்பாங்க, மாட்டிக்குவாங்கன்னாரு. அப்புறம் தான் "சின்ன வயசுல தலையில அடி ஏதாவது பட்டுச்சா?" எனக்கு உடனே தோணவே இல்ல. வெளிய வந்து அம்மாவுக்கு போன் போட்டு கேட்டா, "ஏன்டா, பின்மண்டைய தடவி பாரு, தையல் போட்ட தழும்பு இருக்குல்ல"ங்கிறாங்க. எம்ஆர்ஐ எடுத்ததுல வாசனைக்கான மூளைப்பகுதி சுருங்கி போயிருந்துச்சு, கண்ணுக்கு மேல முன்மூளையோட அடிப்பக்கம் பழைய தழும்பு ஒண்ணும் இருந்துச்சு. இந்த ரெண்டாவது தழும்பு ஞாபகத்துல வச்சுக்கோங்க, அப்புறம் வரும்.

இனி அந்த மேடம் கேட்ட கேள்விக்கு வரேன். வாசனை தெரியாதுன்னா எல்லாரும் மல்லிகைப்பூ, மண்வாசனை, அம்மா கைப்பக்குவம்னு உருகுறாங்க. சத்தியமா எனக்கு அதுல பெரிய துக்கம் இல்ல. ஏழு வயசுக்கு முன்னாடி இருந்தத வச்சு எதுக்கு ஏங்குறது, ஞாபகத்துலயே இல்ல. என்னைய அரிக்கிறது வேற. என் மேல நாத்தம் அடிக்குதா. இத தான் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவ நினைக்கிறேன்னு வெளிய சொன்னா லூசும்பீங்க. லிஃப்ட்ல ஒருத்தர் மூக்க சொறிஞ்சா, எதிர்ல உக்காந்தவங்க சேர லேசா தள்ளி போட்டா, பஸ்ல பக்கத்துல இருக்குறவரு ஜன்னல தொறந்தா, உடனே என்னாலதான்னு தோணிடும். ரெண்டு வேளை குளியல், பையில ஒரு எக்ஸ்ட்ரா சட்டை, வாய்க்கு சோம்பு, சட்டைய கழட்டி பார்த்தா கறை தெரியும் நாத்தம் தெரியாது. செண்ட்டு எவ்ளோ அடிக்கணும்னும் தெரியாது, ஒரு தடவ மீட்டிங்ல "என்ன மாப்ள, கல்யாண மண்டபத்துல இருந்து நேரா வர்றியா"ன்னான் ஒருத்தன், அதுல இருந்து அதையும் விட்டுட்டேன். இப்பிடியே போய் போய் ஆளுங்ககிட்ட இருந்து ஒரு கை தள்ளியே நிக்கிற பழக்கம் வந்துருச்சு, தோள்ல கை போட மாட்டேன், ஒரே தட்டுல கை வைக்க மாட்டேன், யாராவது கட்டிப் புடிச்சா மூச்ச புடிச்சுக்கிட்டு நிப்பேன். பார்க்குறவங்களுக்கு திமிரு புடிச்சவன்.

2012-ல ஜெர்மனில ட்ரெஸ்டன்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பிறவியிலயே வாசனை தெரியாதவங்கள மத்தவங்களோட ஒப்பிட்டு பார்த்தது. அன்றாட வாழ்க்கையில பெருசா வித்தியாசம் இல்லையாம். வித்தியாசம் எங்கன்னா, மத்தவங்களோட பழகுறதுல ஒரு தயக்கம், மனச்சோர்வுக்கான அறிகுறி, வீட்டுக்குள்ள நடக்குற சின்ன சின்ன விபத்து, இதுல தான் அவங்க கை ஓங்கியிருக்கு. நான் பிறவி கேஸ் இல்ல, ஆனா அத படிச்சுட்டு கொஞ்ச நேரம் போன கவுத்து வச்சுட்டேன். இத்தன நாளா என் குணம்னு நினைச்ச ஒண்ணு இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரில அட்டவணைல இருக்கு.

கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணுகிட்ட சொல்லணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன், வீட்டுல "இதெல்லாம் ஒரு குறையாடா, வாய மூடு"ன்னாங்க, மீறி சொல்லிட்டேன். அவ யோசிச்சுட்டு, "அப்ப நான் கருவாடு வறுத்தா சண்டை வராதுல்ல"ன்னா. அதுல விழுந்தது தான். இப்ப எங்களுக்குள்ள ஒரு சிக்னல் இருக்கு, வெளிய போன இடத்துல அவ என் காலர தொட்டு சரி பண்ற மாதிரி பண்ணா போய் மூஞ்சி கை கால் கழுவி சட்டைய மாத்தணும்னு அர்த்தம், தொடலைன்னா எல்லாம் ஓகே. இத்தன வருஷத்துல எனக்கு கிடைச்ச மருந்துலயே இதுதான் வேலை செஞ்சது. பால் கெட்டுச்சா, தோசை மாவு புளிச்சு மீறிருச்சா, எல்லாத்துக்கும் அவ மூக்கு தான், அவ ஊருக்கு போனா ஃப்ரிட்ஜுல எல்லா டப்பாவுலயும் தேதி எழுதி ஒட்டிட்டு போவா. கிச்சன்ல கேஸ் அலாரம் மாட்டிருக்கோம், அது அப்பப்ப சும்மாவே கத்தும், கத்துனா நிம்மதியா இருக்கும்.

பொண்ணு பொறந்தப்ப தான் கொஞ்சம் ஆடிப் போயிட்டேன். பார்க்க வந்தவங்கெல்லாம் குழந்தை உச்சந்தலைல மூக்க வச்சுட்டு கண்ண மூடுறாங்க. என் மாமியார் தூக்குனாலே அதான் முதல்ல பண்ணுவாங்க. எனக்கு கைல ஒரு சூடு தெரியும், கனம் தெரியும், மூச்சு சத்தம் தெரியும், அதுக்கு மேல அவங்களுக்கெல்லாம் என்னமோ ஒண்ணு கூட கிடைக்குது, அது இல்லாம இவகிட்ட நமக்கு ஒட்டுதல் வருமான்னு பயம் வந்துருச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து போன்ல இதையே தேடிட்டு இருந்தா என்ன ஆகும், இன்னும் பயம் தான் ஆகும். அவ வளர வளர அந்த பயம் தானா கரைஞ்சுது, இப்ப என் தோள்ல ஏறுனா இறங்க மாட்டேங்குறா. ஆனா டயப்பர் விஷயத்துல மட்டும் நான் கடிகாரத்த பார்த்து தான் மாத்துனேன், வீட்டுல எல்லாருக்கும் அது ஒரு காமெடி.

அப்பா தவறுனப்ப நான் அழுகல. அழுகை வரல. ஐஸ் பெட்டி, பந்தல், சங்கு, ஆளுங்கள சேர் போட்டு உக்கார வைக்கிறதுன்னு ஓடிக்கிட்டே இருந்தேன், "மூத்த மகன்... கல்லு மாதிரி நிக்கிறான் பாரு, ஈரமே இல்ல"ன்னு ஒரு பெரியம்மா சொன்னது என் காதுபடவே சொன்னது. அக்கா அப்பாவோட துண்ட துவைக்க விடாம பிளாஸ்டிக் கவர்ல போட்டு முடிச்சு வச்சிருக்கா. அப்பப்ப முடிச்ச அவுத்து மூஞ்சிய புதைச்சுக்குவா, ஏலக்காவும் வேர்வையும் சேர்ந்து அப்பா அப்பிடியே வர்றாருன்னு சொல்லுவா, அழுவா, காத்து போகாம திரும்ப முடிச்சு போட்டு வைப்பா. ஒரு நாள் அழுதுக்கிட்டே என் பக்கம் நீட்டுனா, நீட்டுன கைய பாதில இழுத்துக்கிட்டு "ஐயோ, மறந்துட்டேன்டா தம்பி"ன்னா. நான் வாங்கி தொட்டு பார்த்தேன், காசித்துண்டு, ஓரத்துல நூல் பிரிஞ்சிருந்துச்சு. எனக்கு அப்பா கிடைக்கிறது வாட்ஸப்ல. "தம்பி, பணம் ஏறிருச்சு, அம்மாகிட்ட சொல்லிட்டேன்", ஏழெட்டு செகண்டு. போன் மாத்துறப்பல்லாம் அதுக்கு தான் முதல்ல பேக்கப்.

மத்த புலனெல்லாம் மூளைக்குள்ள தாலமஸ்னு ஒரு ஜங்ஷன்ல இறங்கி மாறி தான் உள்ள போகும், வாசனை மட்டும் அங்க நிக்காம நேரா உணர்ச்சியும் ஞாபகமும் இருக்குற இடத்துக்கே போகுது, அக்காவுக்கு அந்த துண்டு அப்பிடி வேலை செய்யுது. அப்ப அந்த லைனே அறுந்தவன் உணர்ச்சி கம்மியானவனா? இங்க தான் அந்த ரெண்டாவது தழும்பு வருது. நூல் அறுந்த இடத்துக்கு நேர் மேல முன்மூளையோட அடிப்பகுதி, கோவம் தாபம் எதிர்ல இருக்குறவங்க மனச படிக்கிறது இதுலெல்லாம் அதுக்கு பங்கு இருக்கு. மண்டை குலுங்குனா அந்த கரடுமுரடான எலும்பு மேல உரசி அதுக்கும் அடிபடும். ஒரே விழுகாட்டுல ரெண்டும். ஆகக்கூடி நான் தள்ளி நிக்கிறது மூக்கு போனதாலயா, மூளைல உரசுனதாலயா, நாத்தம் அடிக்குமோங்கிற பயத்தாலயா, இல்ல எங்க தாத்தா வழி குணமா. டாக்டர்கிட்ட கேட்டா அத பிரிச்சு சொல்ல எந்த ஸ்கேனும் இல்லன்னுட்டாரு. 

ஐஎன்எக்ஸ்எஸ்னு ஆஸ்திரேலியா பேண்டு ஒண்ணு, அதோட பாடகர் மைக்கேல் ஹட்சென்ஸ் 1992-ல கோபன்ஹேகன்ல ஒரு டாக்சிக்காரரோட தகராறுல கீழ விழுந்து மண்டை உடைஞ்சு வாசனை கிட்டத்தட்ட மொத்தமும் போச்சு. அதுக்கப்புறம் அவரு வேற ஆளா மாறிட்டாரு, கோவமும் சோர்வுமா இருந்தாருன்னு கூட இருந்தவங்க சொல்லிருக்காங்க. 1997-ல செத்தும் போயிட்டாரு. அவரு வாழ்க்கைல வேற ஆயிரம் விஷயம் இருந்துச்சு, இதுதான் காரணம்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவரு 32 வயசு வரைக்கும் ஒரு ஆளா இருந்தவரு, மாறுனத பக்கத்துல இருந்தவங்க பார்த்தாங்க. ஏழு வயசுல மாறுனா, புள்ள வளர்றான்னு தான் நினைப்பாங்க. என்கிட்ட முன்னது பின்னதுன்னு வச்சு பார்க்க எதுவும் இல்ல.

கவுன்சிலிங் கொஞ்ச காலம் போனேன், பிரயோஜனமா தான் இருந்துச்சு, நாத்த பயத்துக்கு தனியா பயிற்சி குடுத்தாங்க, காலைல ஒரு தடவ குளிச்சுட்டு ராத்திரி வரைக்கும் யார்கிட்டயும் கேக்காம இருக்கணும், அவ்ளோதான், முதல்ல செத்தேன், போகப் போக பழகிருச்சு. மாத்திரையும் கொஞ்ச நாள் எடுத்தேன், அத சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல.

அப்புறம் 2020, கொரோனா. திடீர்னு ஊரே மூக்கு மூக்குங்குது. வாழ்க்கைல முதல் தடவையா நான் சீனியர். ஆபீஸ்ல என்னைய கிண்டல் பண்ண அதே ஆளு போன் பண்ணி அழுவுறான், "மாப்ள, காபி சுடுதண்ணி மாதிரி இருக்குடா, பொண்டாட்டி புள்ள பக்கத்துல படுத்தா யாரோ மாதிரி இருக்கு, பைத்தியம் புடிக்குது, நீ எப்பிடிடா இம்புட்டு வருஷம்"ங்கிறான். ஆறுதல் சொன்னேன், பெரும்பாலும் திரும்பிடும்டான்னு சொன்னேன், அவனுக்கு மூணாவது வாரமே திரும்பிருச்சு. போன வச்சதும் எனக்கு ஒரு கோவம் வந்துச்சு பாருங்க, யாரு மேலன்னு தெரியாத கோவம். அப்ப இது இவ்ளோ பெருசா? நீங்கெல்லாம் ஒரு மாசத்துக்கே இப்பிடி கதறுனா, நான் புள்ளைல இருந்து சுமந்தத யாருமே ஒரு பொருட்டாவே எடுக்கலையே. அந்த கோவம் நல்லது தான்னு இப்ப தோணுது.

கொரோனா புண்ணியத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச அந்த மூக்கு பயிற்சியையும் பண்ணி பார்த்தேன், ட்ரெஸ்டன்ல தாமஸ் ஹம்மல்னு ஒரு டாக்டர் டீம் 2009-ல சொன்னது, ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ், காலைல சாயந்திரம் மோந்து பார்க்கணும், 12 வாரம். வைரஸ்ல போனவங்களுக்கு நல்லா கைகொடுக்குதாம், அடிபட்டு போனவங்களுக்கும் கொஞ்சம் பேருக்கு. எனக்கு யூகலிப்டஸ் மட்டும் வழக்கம் போல குளுந்துச்சு. பாட்டில பொண்ணு விளையாட எடுத்துக்கிட்டா.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, வாசனை அதுல இல்ல. சர்டிபிகேட் வேணும்னு நான் கேக்கல. ஆனா தலைல அடிபட்டு வர்ற புள்ளைக்கு கண்ணு காது பார்க்குறப்ப ரெண்டு நிமிஷம் மூக்கையும் பாருங்கய்யா. ஆஸ்பத்திரில பார்க்கலைன்னா வீட்டுல நீங்களே பாருங்க. கண்ண மூட சொல்லி, ஒரு மூக்க அடைச்சு, காபித்தூள், ஆரஞ்சு தோல், சோப்புன்னு அதுக்கு ஏற்கனவே பழக்கமானத காட்டி என்னன்னு கேளுங்க, அப்புறம் அடுத்த மூக்கு. விக்ஸ், கற்பூரம், வெங்காயம் வேணாம், அத நான் கூட பாஸ் பண்ணிடுவேன். தெரியலன்னா உடனே ஈஎன்டி, ஆறின பிறகு பார்த்துக்கலாம்னு விடாதீங்க. வைத்தியம் பெருசா இல்லைன்னாலும் அந்த புள்ளைக்கு தனக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல. அதோட வண்டில டேங்க் மேல நிக்க வச்சு கூட்டிட்டு போற புள்ளைக்கு ஹெல்மெட். 4 வயசுக்கு மேலன்னா கட்டாயம்னு சட்டமே இருக்கு, 9 மாசத்துல இருந்து 4 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கும் ஹெல்மெட்டு, பெல்ட்டுன்னு 2022-ல விதி போட்டாங்க, ரோட்டுல நான் பார்த்த வரைக்கும் ஒரு புள்ளை தலைலயும் இல்ல.

பொங்கலுக்கு ஊருக்கு போயிருந்தப்ப அம்மாவும் அக்காவும் முறுக்கு சுட்டுட்டு இருந்தாங்க, ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தத கேட்டுட்டேன். அடிபடுறதுக்கு முன்னாடி நான் எப்பிடிம்மா இருந்தேன்? "அப்பவும் இப்பிடித்தான், ஊமைக்கோட்டான், யார்கிட்டயும் ஒட்ட மாட்ட"ன்னாங்க அம்மா. அக்கா கரண்டிய வச்சுட்டு திரும்புனா. "ஏம்மா பொய் சொல்ற, வாய் ஓயாது இவனுக்கு, காய் பொறுக்குற அக்காங்க மடியில மாறி மாறி உக்காந்துக்கிட்டு கதை அளப்பான்." "அது இவன் இல்லடி, உங்க மாமன் மகன்." "எனக்கு என் தம்பிய தெரியாதா?" எண்ணெய் காயுது, ரெண்டு பேரும் விடுறதா இல்ல, சாட்சிக்கு சித்திக்கு ஸ்பீக்கர்ல போன் போட்டாங்க. சித்தி கொஞ்சம் யோசிச்சுட்டு, "பேச்செல்லாம் ஞாபகம் இல்லக்கா, ஆனா சரியான அழுவுணி, தொட்டாலே அழுவான், உங்க வீட்டுக்காரர் தான் தூக்கிட்டு திரிவாரு"ன்னாங்க. மூணு பேரு மூணு புள்ளைய சொல்றாங்க. நான் இன்னும் ஒண்ணு கேக்க வாயெடுக்குறதுக்குள்ள சித்தி அவங்க மருமக விஷயத்துக்கு போயிட்டாங்க, அம்மா போன காதுல வச்சுக்கிட்டு திண்ணைக்கு போயாச்சு, அக்கா "சட்டியில கருகுது, வாசம் வரல?"ன்னு என்னைய கேட்டுட்டு அவளே நாக்க கடிச்சுக்கிட்டு அடுப்ப அமத்துனா.